புது சிஸ்டம் வந்த வாரம்

நான் ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகத்து வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானும் வெளியேறவில்லை. சென்ற மாதம் ஒரு காலையில் தேவி அதில் ஒரு குரல்பதிவு போட்டிருந்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருபவள் அவள்.

"யக்கா, சேதி கேட்டியா? நேத்து வந்து புது சிஸ்டம் ஏத்திட்டுப் பூட்டாங்க. ஸ்டார்ட் பட்டன் ஓரமா கெடந்துச்சு இல்ல, அது இப்ப நடுவுல வந்து குந்திக்கினு கீது. பிரிண்டர் எங்க கீதுன்னே தெரியல. ஒரே பேஜாரு. உன் காலத்துல நீ இன்னாக்கா பண்ண? எழுதி அனுப்பு. படிச்சிட்டாவது சிரிக்கிறோம்."

சிரிப்பதற்கென்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறு பக்கம் போய்விட்டது. போன பக்கத்திலேயே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உத்திரமேரூரைச் சுற்றி இருக்கும் அரசு அலுவலகங்களில் ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். தட்டச்சராகச் சேர்ந்து உதவியாளராக ஓய்வு பெற்றேன். அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். பத்தாவது முடித்ததும் என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். ய ள ன க என்று ஆரம்பித்து லோயர், ஹையர் இரண்டும் தேறினேன். தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று ஒரு அறையை ஒதுக்கி, செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். எங்கள் கிளார்க் ஒருவர் தன் மனைவியிடம் சொல்லி அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துக்கொண்டு வந்தார். காலையில் உறையைக் கழற்றி மடித்து வைப்பதும் சாயங்காலம் மாட்டுவதும் என் வேலை. மவுஸை மேசையில் நகர்த்த வேண்டும் என்று தெரியாமல் நான் அதை டிவி ரிமோட் மாதிரி கையில் தூக்கித் திரைக்கு நேராகக் காட்டியிருக்கிறேன். சொல்லிக்கொடுக்க வந்தவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து வந்த சிஸ்டத்தில் திறந்ததும் ஒரு பச்சை மேடும் நீல வானமும் தெரியும். அலுவலக உதவியாளர் கோதண்டம் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு ஏரிக்கரைம்மா? நம்ம பக்கம் மாரியே கீது, ஆனா ஒரு மாடுகூட மேயல" என்றார். அந்த ஏரிக்கரையோடு நான் பல வருடம் இருந்தேன். எந்தக் கோப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தட்டச்சுப் பொறியில் எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்து இருந்ததோ, அதே இடத்தில் கம்ப்யூட்டரிலும் இருந்தது. விரல்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அதையும் மாற்றினார்கள். மாற்றிய கதையைச் சொல்வதற்கு முன் திலகவதி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் எங்கள் கண்காணிப்பாளர். மதுராந்தகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோரையும், கோதண்டத்தையும்கூட, "நீங்க" என்றுதான் பேசுவார். தட்டச்சு செய்த தாளைக் கொண்டுபோய் வைத்தால் உடனே எடுக்க மாட்டார். கண்ணாடியைத் துடைப்பார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மர ஸ்கேலை எடுத்து முதல் வரிக்கு அடியில் வைப்பார். ஒரு வரி படித்து முடித்ததும் ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்குவார். இரண்டு பக்கக் கடிதத்துக்கு அரை மணி நேரம் ஆகும். நாம் எதிரே நின்றுகொண்டிருக்க வேண்டும். தப்பு இருந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்பார், என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். தப்பே இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவைப்பார். நன்றாயிருக்கிறது என்று ஒரு சொல் வராது. முதல் இரண்டு வருடம் அவர் மேசைக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு அவருக்குத் தாளைக் கொடுப்பதற்கு முன் நானே ஒரு ஸ்கேலை வைத்துப் படிக்கத் தொடங்கினேன். என்னிடமிருந்து போன தாளில் அதற்குப் பிறகு புள்ளி அபூர்வம். அது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

ஒரு திங்கள்கிழமை, நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு, மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து எல்லா மேசையிலும் புதுக் கம்ப்யூட்டரும் புது சிஸ்டமும் வைத்துவிட்டு, பழைய பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் கோப்புகளையெல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்றியாகிவிட்டது, ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. ஏரிக்கரையைக் காணோம். நீல வெளிச்சத்தில் ஒரு ஜன்னல். உள்ளே நுழையப் பாஸ்வேர்டு கேட்டது. அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி நான்கும் வேண்டுமாம். நாலாவது முயற்சியில் ஒப்புக்கொண்டது. பத்து நிமிடம் தொடாமல் விட்டால் தானே பூட்டிக்கொண்டு மறுபடி கேட்டது. ஒரு மனுதாரரிடம் நான்கு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் பூட்டியிருக்கும். திலகவதி அம்மா மூன்றாவது முறை பூட்டியதும் கையை எடுத்துவிட்டார். "என்னை இது நம்பலை. நான் மட்டும் எதுக்கு இதை நம்பணும்?" என்றார்.

பிரிண்டரை அதற்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே, ஒரு முழ நீளக் கம்பியில் கட்டிக் கிடக்கிற பிரிண்டரை "கண்டறியப்படவில்லை" என்றது. வலது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி இன்று வெயில் என்று சொன்னது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் எங்களுக்கே தெரியும். பதினோரு மணிக்கு மனு வாங்கிக்கொண்டிருக்கும்போது திரை முழுவதும் நீலமாகி, புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. அணைக்க வேண்டாம் என்று கீழே ஒரு வரி. நாற்பது நிமிடம் சுற்றியது. வரிசையில் முதலில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உன் பொட்டிக்கு சாமி வந்துக்கினுகீதா? சுத்திக்கினே கீதே."

"ஆமாங்க பெரியவரே. மலையேறட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் எனக்கு அழுகையாக வந்தது. காரணம் விசைப்பலகை. புது சிஸ்டத்தில் எங்கள் டைப்ரைட்டிங் முறை இல்லை. 'அம்மா' என்று வர ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஆங்கிலத்தில் ஒலியை அடிக்க வேண்டும். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொல் அடித்தவள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை மூன்று கடிதம்தான் முடிந்தது. பிரிண்டர் இல்லாததால் திலகவதி அம்மா திரையிலேயே படித்து, மூன்றிலும் பல இடங்களைச் சிவப்புப் பென்சிலால் தொட்டுக் காட்டினார்.

வியாழக்கிழமை காலை மேலிடத்திலிருந்து ஒரு பட்டியலைக் கேட்டு உத்தரவு வந்தது. சாலவாக்கம் பக்கம் ஒரு கிராமத்தில் நிலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுக்க மூன்று வருடத்துக்கு முன் விசாரித்து வைத்திருந்த பட்டியல் அது. வழக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டு கிடப்பில் கிடந்தது. வழக்கு முடிந்துவிட்டது. திங்கள்கிழமை பட்டா வழங்கப் போகிறார்கள், பட்டியல் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்தாக வேண்டும் என்றிருந்தது.

காகிதக் கோப்பைத் தேடினோம். போன மழையில் பதிவறையின் ஒரு மூலையில் நீர் இறங்கி அடித்தட்டுக் கட்டுகள் நனைந்திருந்தன. இந்தக் கோப்பும் அதில் ஒன்று. தாள்கள் அடை மாதிரி ஒட்டிக்கொண்டு, மை ஊறி, ஒரு பெயரும் தேறவில்லை. எனக்குப் பெரிய கவலை இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கிறது, நான் அடித்த பட்டியல்தானே என்று திறந்தேன்.

திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள். ஜே, கே, பி, எச், இடையிடையே அரைப்புள்ளி, கமா. ஒரு சொல்லும் சொல்லாக இல்லை.

மாவட்டத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையனுக்கு, அப்படிச் சொல்லக்கூடாது, பொறியாளருக்கு, போன் செய்தேன். "மேடம், அது பழைய ஃபாண்ட் இல்லாததால அப்படித் தெரியுதா, இல்ல ஃபைலே கெட்டுப்போச்சான்னு நேர்ல பாத்தாதான் சொல்ல முடியும். நான் செவ்வாய்க்கிழமைதான் அந்தப் பக்கம் வருவேன்." நானே அந்த ஃபாண்டைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். முடியாது, நிர்வாகி பாஸ்வேர்டு வேண்டும், அதைப் போனில் கொடுக்கக் கூடாது என்றார். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வெளியே ஒரு டிடிபி கடையில் பார்க்கலாமா என்றால், புது சிஸ்டத்தில் பென் டிரைவ் போடும் இடத்தையே அடைத்துவிட்டார்கள். பிரிண்டரோ இன்னும் கண்டறியப்படவில்லை.

விஷயம் வெளியே போய்விட்டது. மத்தியானம் அந்த ஊரின் முன்னாள் தலைவர் துரைசாமி வந்தார். நல்ல மனிதர். சொந்த நிலம் உள்ளவர், ஆனால் கூலிக்காரர்களுக்காக அலைந்தவர். கையில் ஒரு பழைய ஜெராக்ஸ். "விசாரணை நடந்தப்போ எனக்கு ஒரு காப்பி குடுத்தீங்கம்மா. பத்திரமா வச்சிருந்தேன்" என்றார். முப்பத்தாறு பெயர்கள்.

எங்கள் அலுவலகத் தலைமை அதிகாரிக்கு உயிர் வந்தது. "இதையே அனுப்பிடலாம்" என்றார்.

எனக்கு உறுத்தியது. நான் அடித்தது அதைவிடப் பெரிது. மூன்றாவது பக்கத்துக்குப் போனது எனக்கு நினைவிருந்தது. முதல் விசாரணையின்போது ஏரிக்கரைக்குப் பின்னால் குடிசை போட்டிருந்த சில குடும்பத்தினர் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார்கள். திரும்பி வந்த பிறகு மறுபடி ஒரு விசாரணை நடந்து, அவர்களையும் சேர்த்துப் புதிதாக அடித்தோம். துரைசாமியிடம் இருப்பது முதல் பட்டியல். அவருக்கே அது தெரியாது.

இதைச் சொன்னேன். "எத்தனை பேர்? யார் யார்?" என்றார் அதிகாரி. எண்ணிக்கை நாற்பதுக்கு மேல் என்பது மட்டும் தெரியும், பெயர்கள் நினைவில்லை என்றேன். "அப்ப இப்போதைக்கு முப்பத்தாறு போகட்டும். மத்தவங்களைப் பின்னால பார்த்துக்கலாம்" என்றார். அந்தப் 'பின்னால' எத்தனை வருடம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

திலகவதி அம்மா மட்டும், "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் குடுங்க சார்" என்றார்.

நான் என் இடத்துக்குத் திரும்பியபோது மேசைக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். பெயர் மேரி. ஏரிக்கரைக்காரி.

"பட்டா லிஸ்ட்டு வந்துட்ச்சின்றாங்க. எம் பேரு அதுல கீதாம்மா? தலைவர் வச்சிக்கினு கீற பேப்பர்ல இல்லியாம். எம் பையன் படிச்சிட்டு சொன்னான்."

திரையைக் கடைசிப் பக்கத்துக்கு இறக்கினேன். பெயர் சொல், புருஷன் பெயர் சொல் என்றேன். பேச்சுக்குக் கேட்டது. "மேரி. வூட்டுக்காரர் பேரு மணி" என்றாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தேன். அப்போதுதான் அது நடந்தது. மேசை மேலிருந்த என் இரண்டு கை விரல்களும் தாமாக அசைந்தன. மணி. ம, ண, ி. வலக்கை நடுவிரல், இடக்கைச் சுண்டுவிரல் கீழே, வலக்கைச் சுண்டுவிரல் மேலே. அந்த விசைகளில் ஆங்கிலத்தில் என்ன எழுத்து? கே, இசட், பி. திரையில் முப்பத்தேழாவது வரியின் முடிவில் கே, இசட், பி என்று இருந்தது.

அதற்கு முன்னால் என், கே, எச், பி. ஏகாரக் கொம்பு, ம, பிறகு ரி. டைப்ரைட்டிங்கில் 'ரி' அடிக்கத் துணைக்கால் விசையைத்தான் அழுத்துவோம், அதன்மேல் சுழி வரும். மேரி.

கோப்பு கெடவில்லை. பழைய சிஸ்டம் நான் அழுத்திய ஒவ்வொரு விசையையும் ஆங்கில எழுத்தாகத்தான் உள்ளே வைத்திருந்தது. ஃபாண்ட் அதற்கு மேலே தமிழ் வரைந்து காட்டியது. வரைந்து காட்ட ஆளில்லை, அவ்வளவுதான். விசைகள் அப்படியே இருந்தன. எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்பது என் விரல்களுக்குத் தெரியும்.

"இதோ, இதான் உன் பேரு" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினேன்.

மேரி குனிந்து பார்த்தாள். "இங்கிலீஷ்லயா எய்திக்கிறீங்க? எனக்குத் தமிழே வராதேம்மா" என்றாள்.

திலகவதி அம்மாவிடம் ஓடினேன். சொன்னதை முழுவதும் கேட்டார். எழுந்து வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு முழுத்தாள், நீல மைப் பேனா, மர ஸ்கேல். "நீங்க படிங்க. நான் எழுதறேன். அவசரம் வேணாம்" என்றார்.

கண்ணால் படித்தால் வரவில்லை. கைகளை மேசை மேல், விசைப்பலகை இருப்பதுபோல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் வெறும் பலகையில் அடித்தால் வாயில் பெயர் வந்தது. அஞ்சலை, கணவர் பெயர் ஏழுமலை. ராணி, கணவர் பெயர் முருகன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இடையில் நான்கு தடவை கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது. நான்கு தடவையும் பாஸ்வேர்டு அடித்தேன். கோதண்டம் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, மந்திரம் போடுகிறவளைப் பார்ப்பதுபோல் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாலை ஐந்தரைக்கு நாற்பத்து மூன்று பெயர்கள் முடிந்தன.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்கன்னு நான் எப்படி நம்பறது?" என்றார் திலகவதி அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. அதிகாரி இதைத்தான் கேட்பார் என்று கேட்டார். பிறகு அவரே துரைசாமியின் ஜெராக்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதை நான் படிக்கும்போது பார்க்கவே இல்லை, அவர் தன் இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார். ஏன் என்று இப்போது புரிந்தது. ஸ்கேலை முதல் வரியில் வைத்தார். முப்பத்தாறு வரிகள். ஒவ்வொரு பெயரும், கணவர் பெயரும், வரிசையும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போயின. முப்பத்தாறு சரியென்றால் மீதி ஏழும் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் காலை அதிகாரி அதை ஒப்புக்கொண்டார். ஆனால் கூடுதல் ஏழு பேரையும் நேரில் பார்த்து உறுதி செய்து கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவேன் என்றார். அது நியாயம்.

"நீங்களும் வாங்க. நீங்க படிச்ச பேரு, நீங்களே கூப்பிடுங்க" என்று திலகவதி அம்மா என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

ஏரிக்கரைக்குப் பின்னால் ஓலையும் தார்ப்பாயும் போட்ட குடிசைகள். நாங்கள் வருவது தெரிந்து வேலைக்குப் போகாமல் எல்லோரும் இருந்தார்கள். ஒரு வேப்பமரத்தடியில் நின்று கூப்பிட்டேன். மேரி முன்னால் வந்தாள். அடுத்தவள் வந்தாள். அடுத்து இன்னொருத்தி. ஆறாவது பெயர்.

"மங்கம்மாள். கணவர் பெயர் சின்னப்பன்."

யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"மங்கம்மாவா? அப்டி ஒருத்தரும் இங்க இல்லியேம்மா" என்றாள் மேரி.

பின்னால் நின்ற ஒரு பெண் ஓரடி முன்னால் வைத்து நின்றுவிட்டாள். இடுப்பில் ஒரு குழந்தை. அவள் பக்கத்தில் நின்ற ஆள்தான் சின்னப்பன். "என் சம்சாரம் பேரு தங்கம்மா சார்" என்றார் அவர், யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் ஜீப் டிரைவரைப் பார்த்து. ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தங்கம்மாள்.

உடன் வந்திருந்த கிராம அலுவலர் தயங்கினார். "லிஸ்ட்ல மங்கம்மாள்னு இருந்தா தங்கம்மாளுக்குக் குடுக்க முடியாதும்மா. ஒருவேளை வேற ஆளோ என்னவோ. இந்த ஒண்ணை நிறுத்தி வச்சிட்டு ஆறு அனுப்பலாம்."

நான் தப்பாகப் படித்துவிட்டேனா என்று என் விரல்களைக் கேட்டேன். இல்லை. திரையில் கே இருந்தது, கேயில் இருப்பது ம. நன்றாக ஞாபகம் இருந்தது. அப்படியானால் மூன்று வருடத்துக்கு முன் நான் ம-வைத்தான் அடித்திருக்கிறேன். த இருப்பது ஜேயில். ஜே வலக்கை ஆள்காட்டி விரலுக்கு, கே அதற்குப் பக்கத்தில் நடுவிரலுக்கு. ஒரு விரல் தள்ளி அழுத்திவிட்டால் தங்கம்மாள் மங்கம்மாள் ஆகிவிடுவாள். இரண்டும் நல்ல பெயர். ஸ்கேல் வைத்துப் படித்தாலும் கண்ணுக்குத் தப்பாகத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை, திலகவதி அம்மாவுக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் புது சிஸ்டத்தைத் திட்டித் தீர்த்திருந்தேன். இது அது செய்த தப்பு இல்லை.

"அம்மா, இது நான் பண்ண தப்பு. அன்னிக்கு அடிக்கும்போதே பக்கத்து விசையை அடிச்சிருக்கேன்" என்றேன்.

திலகவதி அம்மா ஜீப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "வாயால சொன்னா போதாது. எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பட்டாப் பட்டியலில் பயனாளியின் பெயரைத் தவறாகப் பதிவு செய்தது என்று என்மேல் நடவடிக்கை வரும். பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது. அது தள்ளிப்போகும். இதையெல்லாம் நினைத்தேன், நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எதிரே தங்கம்மாள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"குடுக்கறேம்மா" என்றேன்.

ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினேன். எந்தத் தேதியிட்ட பட்டியல், எத்தனையாவது வரி, எந்த எழுத்துக்குப் பதில் எந்த எழுத்து, இரண்டு விசைகளும் அடுத்தடுத்து இருப்பவை, தவறு முழுவதும் என்னுடையது. திலகவதி அம்மா அதை நின்றபடியே படித்தார். ஸ்கேல் கொண்டு வரவில்லை, அதனால் விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தினார். பிறகு, தட்டச்சு செய்த பட்டியலைத் தானும் சரிபார்த்ததாகவும் தன் கண்ணுக்கும் தவறு படவில்லை என்றும் கீழே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "உண்மையைத்தானே எழுதியிருக்கேன்" என்று பேனாவை மூடினார்.

ரேஷன் கார்டின் நகல், சின்னப்பனின் வாக்குமூலம், கிராம அலுவலரின் சான்று, என் தாள் எல்லாம் சேர்த்து அன்று நாலரைக்கு நாற்பத்து மூன்று பெயர்களும் போயின. திங்கள்கிழமை நாற்பத்து மூன்று பேருக்கும் பட்டா கொடுத்தார்கள். நான் போகவில்லை. அலுவலகத்தில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று பழகிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பொறியாளர் வந்தார். நிர்வாகி பாஸ்வேர்டை அடித்து, ஃபாண்டைப் போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரை முழுவதும் தமிழ். "அவ்வளவுதான் மேடம். இதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?" என்றார். நானும் திலகவதி அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அந்தப் பிரிண்டரையும் கொஞ்சம் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று பொறியாளரிடம் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து எங்கள் இருவருக்கும் குறிப்பாணை வந்தது. விளக்கம் கொடுத்தோம். இருவருக்கும் எச்சரிக்கை என்று முடித்து, பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்கள். எனக்குப் பதவி உயர்வு ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. அவர் அடுத்த வருடமே ஓய்வு பெற்றார், அந்த வரியோடு. பதினோரு வருடம் பிறர் தாளில் சிவப்புப் புள்ளி வைத்தவரின் பதிவேட்டில் சிவப்பு மை விழக் காரணம் நான் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆறாத புண்ணாக இருந்தது. விடைபெறும் நாளில் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு? அந்த வரியைப் படிக்கிறவங்க எதுக்காகன்னு கேப்பாங்க. சொல்ல நமக்குக் கதை இருக்கு" என்றார்.

தேவி, நீ கேட்டது இவ்வளவு நீளமாகிவிட்டது. புது சிஸ்டம் வந்தால் பத்து நாள் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். இப்போது எனக்கு ஒலியை அடித்துத் தமிழ் எழுதுவதுதான் சுலபமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் போனில் அப்படித்தான் எழுதினேன்.

நான் ஓய்வு பெறும்போது அந்தச் சிவப்பு வரியை நீக்கக் கோரி ஒரு மனு எழுதிப் போடச் சொன்னார்கள். இத்தனை வருடம் ஆகிவிட்டது, போட்டால் கட்டாயம் எடுத்துவிடுவார்கள் என்றார்கள். மாதிரிப் படிவமும் கொடுத்தார்கள். அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பதிவேட்டின் நகலில் அந்த வரியை எடுத்து ஒருமுறை படித்தேன். 'தங்கம்மாள் என்பதை மங்கம்மாள் என' என்று அதில் இரண்டு பெயரும் இருந்தன. இரண்டும் எழுத்துப் பிழையில்லாமல் சரியாக இருந்தன.

மனு போடவில்லை.